கடைசி விநாடியின் விசில்



2017-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தின் கடைசி வாரத்தில், நாம் பிழைக்க வந்து குடியேறியிருக்கிற இந்தப் பெங்களூரு மாநகரத்தில், ஆசிய மகளிர் கூடைப்பந்துக் கோப்பைப் போட்டிகள் நடைபெற்றன. முதல் பிரிவின் இறுதியாட்டத்தில் ஜப்பான் அணி ஆஸ்திரேலிய அணியை 74-க்கு 73 என்ற கணக்கில், ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் வென்றது. இரண்டாம் பிரிவின் இறுதியாட்டத்தில் நம் இந்தியப் பெண்கள் கஜகஸ்தான் அணியை 75-க்கு 73 என்று வென்று, முதல் பிரிவுக்கு உயர்ந்தார்கள். ஒரே நகரம், ஒரே போட்டித் தொடர், இரண்டு இறுதியாட்டங்கள். ஒன்றில் வித்தியாசம் ஒரு புள்ளி. மற்றொன்றில் இரண்டு புள்ளி.

இந்த எண்களைச் சற்று நிதானித்துப் பாருங்கள். கூடைப்பந்தில் ஒரு ஃப்ரீ த்ரோவுக்கு ஒரு புள்ளி; சாதாரணக் கூடைக்கு இரண்டு; தூரத்துக் கோட்டுக்கு வெளியே நின்று போட்டால் மூன்று. நாற்பது நிமிடம் ஓடி வியர்த்த இரண்டு அணிகளைப் பிரித்தது ஒரே ஒரு ஃப்ரீ த்ரோவின் மதிப்பு. அந்த நாற்பது நிமிடத்திற்குள் நடுவர்கள் எத்தனை முறை விசில் ஊதியிருப்பார்கள், எத்தனை முறை ஊதாமல் விட்டிருப்பார்கள்! அவற்றில் ஒன்று மாறியிருந்தாலும் கோப்பை மாறியிருக்கக்கூடும். அந்த நடுவர்கள் தவறினார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் தோள்மேல் இருந்த பாரம் எத்தகையது என்பதையே உங்களுக்குச் சுட்டிக்காட்டுகிறேன்.

"போதகர் ஏன் பந்தாட்டத்தைப் பற்றி எழுதுகிறார்?" என்று சிலர் கேட்கலாம். நம் பிள்ளைகள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். கிராமத்தில் கபடி ஆடிய தகப்பனின் மகன் இங்கே பள்ளி மைதானத்தில் கூடைப்பந்து ஆடுகிறான். சனிக்கிழமைதோறும் பள்ளிகளுக்கிடையே போட்டிகள். ஓரத்தில் நின்று நடுவரைப் பார்த்துக் கூச்சலிடுகிறவர்களும் நாம்தான். வேதாகமக் கல்லூரியில் படித்த நாட்களில் மாலைதோறும் சிமெண்டுத் தரையில் இந்த ஆட்டத்தை ஆடியவன் என்ற முறையிலும், இந்த நகரத்துப் பிள்ளைகளின் ஆட்டங்களைப் பல வருடங்களாய்ப் பார்த்துவருகிறவன் என்ற முறையிலும், இதைக் குறித்து எழுத வேண்டுமென்று நெடுநாளாய் எண்ணியிருந்தேன். அதற்கு ஒரு வாலிபர் காரணமானார்.

அவருடைய பெற்றோர் தென் மாவட்டத்திலிருந்து வந்து இங்கே சிறிய மளிகைக் கடை வைத்தவர்கள். வாரநாட்களில் ஒரு நிறுவனத்தில் கணக்கு வேலை. வார இறுதியில் பள்ளிப் போட்டிகளுக்கு நடுவர். கிடைக்கிற படி பெட்ரோலுக்கே சரியாய்ப் போகும். ஆட்டத்தின்மேல் உள்ள பிரியத்தினாலேயே போகிறவர். ஒரு பள்ளிப் போட்டியின் அரையிறுதி. கடைசி ஆறு விநாடி. ஒரு புள்ளி வித்தியாசம். பின்தங்கிய அணியின் மாணவன் பந்தோடு பாய்ந்தான்; தடுக்க நின்ற மாணவன்மேல் மோதினான்; பந்து கூடைக்குள் விழுந்தது. நம் வாலிபர் விசில் ஊதி, பாய்ந்தவன்மேல் ஃபவுல் கொடுத்தார். கூடை செல்லாது. ஆட்டம் முடிந்தது. அந்த மாணவனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்ததாம்; இறுதியாட்டம் வரை போனால் சான்றிதழின் மதிப்பு உயரும். பெற்றோர் சிலர் நடுவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் அவருடைய மொழியைச் சொல்லி ஏசினார். மறுநாள் மாலை அவர் என்னிடம் வந்து, "ஐயா, இனி நான் விசிலைத் தொடமாட்டேன்" என்றார்.

"தம்பி, விடுவதானால் விடு. ஆனால் அதற்கு முன்னே, நல்ல நடுவர் எப்படி உண்டாகிறார் என்று நாம் சேர்ந்து பார்ப்போம்" என்று சொன்னேன். அடுத்த சில வாரங்கள் அவரும் நானும் விதிப் புத்தகத்தைப் படித்தோம். பழைய ஆட்டங்களைப் பார்த்தோம். அறிஞர்கள் ஆராய்ந்து கண்டவற்றைத் தேடினோம். எங்களுக்குத் தெளிவானது ஒன்றுதான்: கடைசி விநாடியின் தீர்ப்பு கடைசி விநாடியில் உண்டாவதில்லை. அது அதற்கு வெகு முன்னே ஆயத்தமாகிறது. அதை ஆறு காரியங்களாகப் பிரித்து உங்களுக்குச் சொல்லுகிறேன்.

முதலாவது, நிற்கும் இடம்

மோதல் நடந்தால் தவறு யாருடையது? பன்னாட்டு விதி தெளிவாய் இருக்கிறது. தடுக்கிறவர் எதிராளியை நோக்கி முகம் திரும்பி, இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி முன்னதாகவே இடத்தைப் பிடித்திருந்தால், நெஞ்சில் வந்து மோதியவர்மேல் ஃபவுல். அவர் பக்கவாட்டில் நகர்ந்து கடைசி நேரத்தில் வழியில் நுழைந்திருந்தால் தடுத்தவர்மேல் ஃபவுல். கூடைக்குக் கீழே 1.25 மீட்டர் ஆரத்தில் ஓர் அரைவட்டம் வரையப்பட்டிருக்கிறது. தடுப்பவர் அதற்குள் நின்றால், காற்றில் எழும்பி வந்து அவர்மேல் மோதியவரைப் பொதுவாய்க் குற்றப்படுத்துவதில்லை.

விதி எளிது, பார்ப்பதுதான் கடினம். நம் கண்கள் பந்தின் பின்னாலேயே ஓடுகின்றன. ஆனால் பந்தைப் பார்க்கிறவருக்குத் தடுப்பவரின் பாதம் எப்போது ஊன்றியது என்று தெரியாது. ஆகவேதான் தேர்ந்த நடுவர்களுக்கு, "தடுப்பவரைப் பார், பந்து தானாக உன் கண்ணுக்குள் வரும்" என்று கற்பிக்கிறார்கள். அதோடு, இரண்டு வீரர்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி தெரியும் கோணத்தில் நிற்க வேண்டும். ஒருவருடைய முதுகுக்குப் பின்னால் நிற்கிறவர் எதைக் கண்டார்? மறைப்பைக் கண்டார். மீதியை ஊகித்தார்.

28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ள களத்தில் பத்துப் பேர் ஓடுகிறார்கள். இதனால்தான் பெரிய போட்டிகளில் மூன்று நடுவர்கள். ஒருவர் கூடைக்கு அருகே எல்லைக் கோட்டில், ஒருவர் பின்னால், ஒருவர் பக்கவாட்டில். ஒவ்வொருவருக்கும் தன் பகுதி உண்டு. அமெரிக்காவின் என்.பி.ஏ. சங்கம் 1988-இல் தொடங்கிய பருவத்திலிருந்து மூன்று நடுவர்களை நிரந்தரமாக்கியது. நம் பள்ளிப் போட்டிகளில் பெரும்பாலும் இருவரே. இருவர் இருக்கும்போது ஓட்டம் அதிகம், மறைப்பும் அதிகம். அரையிறுதிக்கும் இறுதிக்குமாவது மூன்றாவது ஒருவரை அமர்த்துவதற்கு ஒழுங்குசெய்கிறவர்கள் மனதுவைக்க வேண்டும். கோப்பைக்குச் செலவிடுகிற பணத்தில் ஒரு பங்கு போதும்.

இரண்டாவது, கூட்டத்தின் சத்தம்

"எனக்குச் சத்தம் கேட்பதே இல்லை" என்று பல நடுவர்கள் சொல்லுவார்கள். ஆனால் 2002-இல் இங்கிலாந்தில் ஆலன் நெவில் என்ற அறிஞரும் அவர் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வைக் கேளுங்கள். தகுதிபெற்ற 40 கால்பந்து நடுவர்களுக்கு, ஒரே ஆட்டத்தின் 47 மோதல்களைக் காணொளியில் காண்பித்தார்கள். ஒரு சாரார் கூட்டத்தின் சத்தத்தோடு பார்த்தார்கள்; மற்றவர்கள் சத்தமில்லாமல் பார்த்தார்கள். சத்தத்தைக் கேட்டவர்கள், உள்ளூர் அணிமேல் ஏறக்குறைய 15 சதவீதம் குறைவாகத் தவறு கண்டார்கள். கண் பார்த்தது ஒன்றே. காதில் விழுந்தது தீர்ப்பை மாற்றிற்று. அவர்களில் யாரும் கைக்கூலி வாங்கியவர்கள் அல்ல. சந்தேகமான வேளையில் மனுஷ மனம் பக்கத்தில் எழும் ஓசையைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளுகிறது, அவ்வளவே.

இதற்கு மருந்து உண்டா? உண்டு. முதல் மருந்து, "நானும் இதற்கு உட்பட்டவன்" என்று அறிந்திருப்பது. இரண்டாவது, சத்தத்தோடேயே பயிற்சி செய்வது. நம் வாலிபர் தன் கைப்பேசியில் கூட்டத்தின் இரைச்சலை ஓடவிட்டு, காணொளிகளைப் பார்த்து, விசில் ஊதிப் பழகினார். அவருடைய தாயார், "இந்த வீட்டிலே ஜெபம்பண்ணவும் முடியவில்லை, தூங்கவும் முடியவில்லை" என்று என்னிடம் முறையிட்டார்கள். மூன்றாவது, விசிலுக்கு முன்னே ஒரு மூச்சு நேரம் பொறுப்பது. மோதலின் தொடக்கம், நடு, முடிவு ஆகிய மூன்றையும் கண்டபின் ஊதுகிற விசில் தாமதமான விசில் அல்ல, முதிர்ந்த விசில்.

மூன்றாவது, விழுங்கப்பட்ட விசில்

நாக்-அவுட் ஆட்டங்களில் ஒரு விசேஷமான சோதனை உண்டு. லீக் சுற்றில் ஒரு தீர்ப்புத் தவறினால் அடுத்த வாரம் ஈடுசெய்ய இடமுண்டு. என்.பி.ஏ.வின் ப்ளே-ஆஃப் தொடரிலும் ஏழு ஆட்டங்களில் நான்கை வென்றவரே முன்னேறுவார். ஓர் ஆட்டம் கைவிட்டுப் போனாலும் மறு ஆட்டம் உண்டு. நம் பள்ளிப் போட்டிகளிலோ ஓர் ஆட்டம் தோற்றால் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இதை அறிந்த நடுவர், "ஆட்டத்தின் முடிவை நான் தீர்மானிக்கக் கூடாது, பிள்ளைகளே தீர்மானிக்கட்டும்" என்று கடைசி நிமிடங்களில் விசிலை விழுங்கிவிடுகிறார். இது தாழ்மைபோலத் தோன்றும்.

டோபியாஸ் மாஸ்கோவிட்ஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியரும் ஜான் வெர்த்தைம் என்ற விளையாட்டு எழுத்தாளரும் 2011-இல் வெளியிட்ட நூலில் இந்த வழக்கத்தை எண்களோடு காட்டினார்கள். நெருக்கமான ஆட்டத்தின் இறுதிக்கட்டத்தில், நடுவரின் சுயநிதானத்தைச் சார்ந்த ஃபவுல்கள் குறைந்துபோகின்றன. வீரர்கள் திடீரென்று நல்லவர்களானதால் அல்ல, நடுவர்கள் பின்வாங்குவதால். ஊதிச் செய்த தவறை எல்லாரும் காண்பார்கள். ஊதாமல் விட்ட தவறைச் சிலரே கவனிப்பார்கள். ஆகையால் மனம் இரண்டாவதைத் தெரிந்துகொள்ளுகிறது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். ஊதாமல் இருப்பதும் ஒரு தீர்ப்புத்தானே? முதல் கால்பகுதியில் கையைத் தட்டியது ஃபவுல் என்றால், கடைசி நிமிடத்திலும் அது ஃபவுல்தான். முதலில் ஊதி, முடிவில் ஊதாவிட்டால், முரட்டுத்தனமாய் ஆடுகிறவனுக்கே அது லாபம். விதியை நம்பி ஆடினவனுக்கு நஷ்டம். எனவே முதல் ஐந்து நிமிடத்தில் எந்த அளவுகோலைக் காட்டுகிறோமோ, அதே அளவுகோலைக் கடைசி ஐந்து விநாடியிலும் பிடிக்க வேண்டும். கடைசியில் ஊதத் துணியாத ஒன்றை முதலிலும் ஊதாதிருப்பது நல்லது.

இதோடு சேர்ந்த இன்னொரு சோதனை, பழிக்குப் பழி விசில். "சற்று முன்னே இவர்களுக்கு விரோதமாய்த் தவறிவிட்டேன், இப்போது அவர்கள்மேல் ஒன்று கொடுத்துச் சரிக்கட்டுவேன்" என்கிற எண்ணம். ஒரு தவறு இரண்டு தவறாகுமே ஒழிய, ஒருபோதும் ஒரு நியாயம் ஆகாது.

நான்காவது, தன்னை அறியாத சாய்வு

இதை நாம் கவனமாய்க் கேட்க வேண்டும். ஜோசப் பிரைஸ், ஜஸ்டின் வுல்ஃபர்ஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் என்.பி.ஏ.வின் பதின்மூன்று பருவங்களின் ஆட்டக் குறிப்புகளை ஆராய்ந்தார்கள். வெள்ளை நடுவர்கள் அதிகமாயிருந்த ஆட்டங்களில் கறுப்பு வீரர்களுக்கும், கறுப்பு நடுவர்கள் அதிகமாயிருந்த ஆட்டங்களில் வெள்ளை வீரர்களுக்கும் ஒப்பீட்டளவில் சற்றுக் கூடுதலாக ஃபவுல் கொடுக்கப்பட்டிருந்ததை அவர்கள் கண்டார்கள். வித்தியாசம் சிறியது, ஆனால் இருந்தது. 2007-ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்த முடிவு அமெரிக்கப் பத்திரிகைகளில் பெரிய செய்தியாயிற்று. சங்கம் அதை மறுத்தது.

பிற்பாடு நடந்ததுதான் ஆச்சரியம். அவர்களோடு டெவின் போப் என்பவரும் சேர்ந்து, செய்தி வெளியானதற்குப் பிற்பட்ட பருவங்களை ஆராய்ந்தார். அந்தச் சாய்வு காணாமற்போயிருந்தது. சங்கம் நடுவர்களுக்குப் புதிய பயிற்சியோ புதிய தண்டனையோ கொடுத்ததாகத் தெரியவில்லை. "உங்களிடத்தில் இப்படி ஒன்று இருக்கிறது" என்று வெளிச்சத்தில் வைக்கப்பட்டதே பெரும்பாலும் போதுமானதாயிருந்தது என்று அவர்கள் முடிவு செய்தார்கள்.

நம் களத்தில் தோலின் நிறம் மட்டுமா உண்டு? மொழி உண்டு, ஊர் உண்டு, ஜாதி உண்டு, பெரிய பள்ளி சிறிய பள்ளி என்ற பேதம் உண்டு. தன் மொழியில் "சார், சார்" என்று இனிமையாய்ப் பேசுகிற பிள்ளைக்கு நடுவரின் மனம் தானாகவே சாய்கிறது. விலையுயர்ந்த சீருடை அணிந்த அணி, ஒழுங்காய் ஆடுகிற அணிபோலத் தோன்றுகிறது. இந்தச் சாய்வு என்னிடம் இல்லை என்று சொல்லுகிற நடுவருக்கு உதவ முடியாது. இருக்கக்கூடும் என்று ஒத்துக்கொண்டு, ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவிலும் யாருக்கு எத்தனை விசில், எதற்காக என்று எண்ணிப் பார்க்கிறவர் திருந்துவார். கூடைப்பந்தில் ஃபவுல்களெல்லாம் ஆட்டத் தாளிலே பதிவாகின்றன. பார்க்க மனதிருந்தால், ஆதாரம் கையிலேயே இருக்கிறது.

ஐந்தாவது, ஒருவரோடொருவர் பேசுதல்

1972-ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக் இறுதியாட்டத்தைப்போல இதற்கு வேறு சாட்சி வேண்டாம். மூன்று விநாடி மீதமிருக்கையில் அமெரிக்காவின் டக் காலின்ஸ் இரண்டு ஃப்ரீ த்ரோக்களைப் போட்டு, 50-க்கு 49 என்று தன் அணியை முன்னே கொண்டுவந்தார். தாங்கள் ஆட்ட நிறுத்தம் கேட்டிருந்ததாகச் சோவியத் அணியினர் முறையிட்டார்கள். ஆட்டம் ஒரு விநாடி மீதியில் நிறுத்தப்பட்டது. பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் பொதுச்செயலாளர் வில்லியம் ஜோன்ஸ் பார்வையாளர் பகுதியிலிருந்து இறங்கிவந்து, மூன்று விநாடியையும் திரும்பக் கொடுக்கச் சொன்னார். கடிகாரம் சரியாய் அமைக்கப்படும் முன்பே ஆட்டம் தொடங்கி, மணி ஒலித்தது. அமெரிக்கர்கள் வென்றுவிட்டதாய்க் குதித்தார்கள். மூன்றாம் முறையும் அதே மூன்று விநாடி ஆடப்பட்டது. அலெக்சாண்டர் பெலோவ் கூடை போட்டார். 51-க்கு 50. மேல்முறையீட்டுக் குழு மூன்றுக்கு இரண்டு என்று பிரிந்து அந்த முடிவையே நிலைநிறுத்திற்று. அமெரிக்க வீரர்கள் வெள்ளிப் பதக்கங்களை ஏற்க மறுத்தார்கள்.

இங்கே பழுதடைந்தது நடுவரின் கண் அல்ல. மேசையில் இருப்பவருக்கும் களத்தில் இருப்பவருக்கும் இடையே பேச்சு இல்லை. கடைசி வார்த்தை யாருடையது என்பதும் தெளிவாயில்லை. ஆகவே ஆட்டத்துக்கு முன்பாக நடுவர்களும், கடிகாரம் பார்க்கிறவரும், புள்ளி எழுதுகிறவரும் பத்து நிமிடம் கூடிப் பேச வேண்டும். கடைசி எறிதல் நேரத்துக்குள் கையை விட்டுப் போயிற்றா என்பதை யார் பார்ப்பது? இருவர் ஒரே வேளையில் ஊதி வெவ்வேறு கை காட்டினால் யார் பேசுவது? கடிகாரம் நின்றுபோனால் என்ன செய்வது? இவற்றைக் கடைசி நிமிடத்தில் கூட்டத்தின் நடுவே பேசக் கூடாது.

நம் நகரத்திலேயே இன்னொரு நாக்-அவுட் ஆட்டம் உங்களுக்கு ஞாபகமிருக்கும். அது கால்பந்து. 2023 மார்ச் 3 அன்று கண்டீரவா மைதானத்தில், இந்தியன் சூப்பர் லீக்கின் ப்ளே-ஆஃப் சுற்றில், பெங்களூரு அணியும் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியும் மோதின. கூடுதல் நேரத்தில் சுனில் சேத்ரி, எதிரணியினர் தடுப்புச் சுவரை அமைத்து முடிக்கும் முன்னே ஃப்ரீ கிக்கை விரைவாய் அடித்துக் கோலாக்கினார். நடுவர் அதை அனுமதித்தார். கேரள அணி முழுவதும் களத்தைவிட்டு வெளியேறியது, திரும்பவில்லை. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அந்த அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டங்கள் தடை. விரைவாய் அடிப்பதற்கு விதியில் இடமுண்டு. ஆயினும் வாதம் எதன்மேல் எழுந்தது? விசிலுக்காகக் காத்திருக்க வேண்டுமா, வேண்டாமா என்பதை இரு அணிகளும் வெவ்வேறாய் எடுத்துக்கொண்டதன்மேல். தீர்ப்பு விதிப்படி சரியாயிருப்பது ஒன்று. அதைக் களத்தில் இருக்கும் எல்லாரும் அறியும்படி கையாலும் வாயாலும் தெளிவாய்க் காட்டுவது இன்னொன்று. நடுவருக்கு இரண்டும் வேண்டும்.

ஆறாவது, மறுபடியும் பார்த்தல்

இன்று பெரிய போட்டிகளில் காணொளி உதவி உண்டு. என்.பி.ஏ. 2014-இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் சிகாகஸ் என்னும் ஊரில், எல்லா ஆட்டங்களையும் பார்த்து நடுவர்களுக்கு உதவுகிற ஒரு மையத்தைத் திறந்தது. பன்னாட்டு விதிகளிலும் காணொளி மறுபார்வை உண்டு. 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, அந்த வசதியுள்ள ஆட்டத்தில் தலைமைப் பயிற்சியாளர் ஒரு முறை மறுபார்வை கேட்கலாம். ஆனாலும் விதியில் குறிக்கப்பட்ட காரியங்களுக்கே மறுபார்வை. நேரத்துக்குள் எறியப்பட்டதா, இரண்டு புள்ளியா மூன்றா, பந்து கடைசியாய் யார் கையில் பட்டு வெளியே போயிற்று என்பவை போன்றவை.

இதைவிட எனக்கு விசேஷமாய்த் தோன்றியது வேறொன்று. 2015 மார்ச் மாதம் முதல், மிக நெருக்கமாய் முடிகிற ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடத்தில் நடுவர்கள் கொடுத்த தீர்ப்புகளையும், கொடாமல் விட்டவற்றையும் ஒவ்வொன்றாய் ஆராய்ந்து, "இது சரி, இது தவறு" என்று மறுநாளில் என்.பி.ஏ. வெளியிட்டுவருகிறது. ஆட்டத்தின் முடிவு மாறுவதில்லை. நடுவர்களில் பலர் இதை விரும்பவுமில்லை. ஆயினும் தவறு மூடிவைக்கப்படுவதில்லை. ப்ளே-ஆஃப் சுற்றுகளுக்கு நடுவர்களைத் தெரிந்தெடுக்கும்போதும், அந்தப் பருவத்தில் அவரவர் செய்த வேலையின் தரத்தைப் பார்க்கிறார்கள். சுற்றுக்குச் சுற்று எண்ணிக்கையைக் குறைத்து, சிறந்தவர்களை இறுதிக்கு வைக்கிறார்கள். நம்மிடத்திலோ, "அவர் மூத்தவர், இறுதியாட்டம் அவருக்குத்தான்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

சிகாகஸில் உள்ள மையம் நமக்கு இல்லை. ஆனால் கைப்பேசி எல்லார் கையிலும் இருக்கிறது. நம் வாலிபர் அந்த அரையிறுதியின் படத்தைத் தேடினார். ஒரு தகப்பனார் எடுத்த படத்தில் ஒன்றும் தெரியவில்லை. நடுவரின் முதுகே மறைத்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு மாணவி எடுத்த படம் பிறகு கிடைத்தது. அதை மெதுவாய் ஓட்டிப் பார்த்தோம். மோதுகிற வேளையில் தடுத்தவனின் இடதுபாதம் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தது. ஃபவுல் தடுத்தவன்மேல் இருந்திருக்க வேண்டும். கூடையும் செல்லும்.

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ஐயா, நான் நின்ற இடத்திலிருந்து அந்தப் பாதம் தெரியாது. இரண்டடி இடப்பக்கம் போயிருந்தால் தெரிந்திருக்கும்" என்றார். அதைக் கேட்டபோது, இவர் விசிலை விடப்போவதில்லை என்று எனக்கு விளங்கிற்று. "நான் பாவி, எனக்குத் தகுதியில்லை" என்று அழுகிறவரைக்காட்டிலும், "இரண்டடி இடப்பக்கம்" என்று சொல்லுகிறவர் சீக்கிரம் திருந்துவார்.

மறு வாரம் அவர் அந்தப் பள்ளிக்குப் போய், பயிற்சியாளரையும் அந்த மாணவனையும் சந்தித்துப் படத்தைக் காட்டி, "என் தீர்ப்பு தவறு" என்று சொன்னார். நானும் கூடப் போயிருந்தேன். பயிற்சியாளர் முகம் இறுகிற்று. "இதை இப்போது வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?" என்று கேட்டார். அதற்குப் பதில் இல்லை. சான்றிதழ் மாறாது, இழந்த இறுதியாட்டம் திரும்ப வராது. அந்த மாணவன் மாத்திரம் படத்தை மறுபடியும் ஓட்டச் சொல்லிப் பார்த்து, "அப்படியானால் நான் செய்தது சரிதானே, சார்?" என்று கேட்டான். "சரிதான்" என்றார் இவர். இத்தனை நாளாய்த் தன்னால்தான் அணி தோற்றது என்று அந்தப் பிள்ளை சுமந்துகொண்டிருந்திருக்கிறான்.

பிரியமானவர்களே, நாக்-அவுட் ஆட்டத்தில் ஒரு தவறான விசில் பறிப்பது கோப்பையை மாத்திரம் அல்ல என்பதை நான் அன்று கண்டேன். அதனால்தான் நடுவரின் ஆயத்தம் இத்தனை முக்கியம்.

நமக்குரிய பங்கு

கடைசியாக, களத்தின் ஓரத்தில் நிற்கிற நம்மைப் பற்றி ஒரு வார்த்தை. நம் சத்தம் நடுவரைத் திருத்தாது. அவருடைய நிதானத்தைக் குலைக்கும் என்பதை மேலே கண்டோம். தகப்பன்மார் கூச்சலிடும்போது, அந்த விசிலினால் லாபம் பெறுகிறவர் நம் பிள்ளையாகவும் இருக்கலாம், பக்கத்து வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். இன்னொன்று: ஏச்சு தாங்காமல் இளம் நடுவர்கள் விலகிப்போனால், அடுத்த வருடம் விசிலைப் பிடிப்பவர் யார்? பயிற்சியில்லாத ஒருவர். அப்போது தவறுகள் குறையுமா, பெருகுமா?

ஆகவே உங்கள் பிள்ளையின் அடுத்த ஆட்டத்துக்குப் போகும்போது மூன்று காரியங்களைச் செய்யுங்கள். ஆட்டம் நடக்கையில் பிள்ளைகளை உற்சாகப்படுத்துங்கள். நடுவரிடம் பேசும் பொறுப்பைப் பயிற்சியாளருக்கும் அணித்தலைவருக்கும் விட்டுவிடுங்கள். உங்கள் கைப்பேசியில் படமெடுத்தால், அதை வாட்ஸ்அப்பில் பரப்பி ஒருவரைக் கேலிசெய்யாமல், ஆட்டத்தை ஒழுங்குசெய்தவர்களுக்கும் நடுவருக்கும் அனுப்புங்கள். அது அவருக்குப் பாடமாகும். ஆட்டம் முடிந்தபின், வென்றாலும் தோற்றாலும், விசில் பிடித்தவரிடம் போய் ஒரு நன்றி சொல்லுங்கள். தோற்ற அணியின் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து கைகுலுக்கினால், அடுத்த வாரம் அதே வாலிபர் மறுபடியும் களத்துக்கு வருவார். இரண்டடி இடப்பக்கம் தள்ளியும் நிற்பார்.